நிறுத்து என்றால் எதுவரை?

பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டை ஆலைகளில் வலையமைப்பைத் தொட அனுமதி கிடைப்பது பெரும்பாலும் வேலைமுறை மாறும் இடைவெளியில்தான். அந்தக் குறுகிய நேரத்தில் சிஸ்கோ ரவுட்டரில் ‘எக்ஸிட்’ போன்ற ஒற்றைச் சொல்லை ஓர் எழுத்து தவறித் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். புரியாத சொல்லை ரவுட்டர் பிழை என்று தள்ளிவிடாது. அது எங்கோ இருக்கும் ஒரு கணினியின் பெயர், இவர் அதனுடன் டெல்நெட்டில் பேச விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்ளும். டிஎன்எஸ் சர்வர் எதையும் நாம் குறித்து வைக்கவில்லை என்றால், அந்தப் பெயரின் முகவரியைக் கேட்டு 255.255.255.255 என்ற அனைவருக்குமான (பிராட்காஸ்ட்) முகவரிக்குக் கேள்வி அனுப்பும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. திரை அப்படியே நிற்கும். கன்ட்ரோல்-சி அழுத்திப் பழகிய விரல்கள் அதையே திரும்பத் திரும்ப அழுத்தும், பலிக்காது. கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் வழி பிறக்கும்.

மூன்று விசையில் முடிகிற சமாச்சாரம்தானே என்று பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்துவது ஒரே செயல் அல்ல. திரையில் கொட்டும் எழுத்துகளை நிறுத்தலாம். பதிலுக்காக நாம் காத்திருப்பதை நிறுத்தலாம். ரவுட்டருக்குள் நடக்கும் வேலையை நிறுத்தலாம். அந்த வேலையால் வலையமைப்பில் பரவிவிட்ட விளைவை நிறுத்தப் பார்க்கலாம். முதல் இரண்டிலும் பெரும்பாலும் விசைக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவதில் பாதிதான். நான்காவதில் கொஞ்சமும் கிடையாது. செய்தித்தாள் வரை போன விபத்துகள் எல்லாம் அந்த நான்காவதைச் சேர்ந்தவை.

முதலில் அந்த 6 ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். கன்ட்ரோலுடன் ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்தும்போது கணினி அனுப்புவது ஆஸ்கி அட்டவணையின் முதல் 32 குறியீடுகளில் ஒன்றை. கன்ட்ரோல்-சி குறியீடு 3. டெக் நிறுவனத்தின் பழைய கணினிகளில் அது நிறுத்தும் குறியாக நிலைபெற்று, பிறகு யூனிக்ஸுக்கும் வந்தது. தொடக்கக் கால யூனிக்ஸில் அந்த வேலையை டெலீட் விசை பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்கோ எடுத்துக்கொண்டது குறியீடு 30. அமெரிக்க விசைப்பலகையில் 6-க்கு மேலே இருக்கும் கூரைக் குறியைக் கன்ட்ரோலுடன் அழுத்தினால் அது பிறக்கும். மலேசியாவில் புழங்குவது அமெரிக்க அமைப்பு என்பதால் நமக்கு அது 6-லேயே இருக்கிறது. ஜெர்மானிய விசைப்பலகையில் கூரைக் குறி 1-க்கு இடப்பக்கம் இருக்கிறது. அங்கே போய் ‘6-ஐ அழுத்து’ என்று சொன்னால் வேலைக்காகாது.

1984-இல் லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் இருவரும் தொடங்கிய சிஸ்கோ, ஆரம்ப ஆண்டுகளில் ரவுட்டர்களோடு டெர்மினல் சர்வர்களையும் விற்றது. ஒரு பெட்டியில் நுழைந்து, அங்கிருந்து டெல்நெட்டில் வேறொரு கணினிக்குப் போவதுதான் அன்றைய புழக்கம். இடையில் இருக்கும் பெட்டியே கன்ட்ரோல்-சியை விழுங்கிவிட்டால், தொலைவில் இருக்கும் கணினியில் ஓடும் நிரலை எப்படி நிறுத்துவது? ஆகவே எல்லாரும் பயன்படுத்தும் குறிகளை மறுமுனைக்கு விட்டுவிட்டு, யாரும் தொடாத ஒரு குறியைத் தனக்கென்று வைத்துக்கொள்வதுதான் அறிவு. இந்தத் தேர்வை வினோதம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் விசையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்ததுதான் குறை.

காரணம் தெரிந்தால் மற்றவை தாமாகவே புரியும். டெல்நெட்டில் இருக்கும்போது கன்ட்ரோல்-ஷிப்ட்-6 அழுத்திக் கையை எடுத்து எக்ஸ் தட்டினால், இணைப்பு அறுபடாமல் ஒத்திவைக்கப்பட்டு முதல் ரவுட்டருக்குத் திரும்பலாம். முதல் ரவுட்டரிலிருந்து இரண்டாவதற்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் போயிருந்தால், ஒருமுறை அழுத்துவதை முதல் ரவுட்டரே எடுத்துக்கொள்ளும். இரண்டாவதற்குச் சேர வேண்டும் என்றால் இருமுறை அழுத்த வேண்டும். ‘விசை வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பலவற்றில் விசை வேலை செய்திருக்கும், ஆள்தான் மாறியிருக்கும். விருப்பமானால் ‘எஸ்கேப்-கேரக்டர் 3’ என்று அந்த லைனில் அமைத்துக் கன்ட்ரோல்-சியையே நிறுத்தும் குறியாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு ஒருமுறை அழுத்தும் கன்ட்ரோல்-சி அந்த ரவுட்டரைத் தாண்டிப் போகாது.

தவறாகத் தட்டிய சொல்லுக்கு முகவரி தேடும் தொல்லைக்குப் பயிற்சிக்கூடங்கள் கொடுக்கும் மருந்து ‘நோ ஐபி டொமைன்-லுக்கப்’. முதல் நாள் பாடத்திலேயே இது வந்துவிடும். அது ரவுட்டரின் பெயர் தேடும் திறனையே ஒட்டுமொத்தமாக வெட்டிவிடுகிறது. பிறகு பெயர் சொல்லிப் பிங் அனுப்பவும் முடியாது. லைன் அமைப்பில் ‘டிரான்ஸ்போர்ட் பிரிஃபர்ட் நன்’ என்று ஒரு வரி எழுதினால், புரியாத சொல்லைக் கணினிப் பெயராக எண்ணும் பழக்கம் மட்டும் போய்விடும், டிஎன்எஸ் அப்படியே இருக்கும். இரண்டாவதே சரியான மருந்து. முதலாவது பிரபலமாக இருப்பதற்கு, அது தேர்வுப் புத்தகங்களில் இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிங், டிரேஸ்ரூட் இரண்டிலும் விசை முழுமையாகப் பலிக்கும். சிஸ்கோவின் வழக்கமான பிங் ஐந்து பொட்டலங்களை அனுப்பி ஒவ்வொன்றுக்கும் 2 நொடி காத்திருக்கும். பதிலே வராவிட்டாலும் 10 நொடியில் முடிந்துவிடும். டிரேஸ்ரூட் அப்படியல்ல. 30 தாவல்கள், தாவலுக்கு மூன்று முயற்சிகள், முயற்சிக்கு 3 நொடி. வழியில் யாரும் பதில் சொல்லாவிட்டால் 270 நொடி, நாலரை நிமிடம் நட்சத்திரக் குறிகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நிறுத்தும் விசையின் அருமை தெரிவது இங்கே. மற்ற நிறுவனங்களின் பெட்டிகளில் இந்தச் சிக்கலே கிடையாது: ஜூனிப்பரின் மென்பொருள் யூனிக்ஸ் மரபில் வந்தது, கன்ட்ரோல்-சி போதும். ஹுவாவேயிலும் மைக்ரோடிக்கிலும் அப்படித்தான். சிஸ்கோவின் பின்னாளைய பெரிய ரவுட்டர் மென்பொருளும் கன்ட்ரோல்-சிக்கு இறங்கி வந்துவிட்டது.

விசை ரவுட்டரைப் போய்ச் சேர்கிறதா என்பது தனிக் கேள்வி. 1983 மே மாதம் வெளியான டெல்நெட் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 854-ஐ எழுதிய ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் இதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். மறுமுனை முந்தைய எழுத்துகளைப் படிக்காமல் அடைத்துக்கொண்டு நின்றால், நிறுத்தும் குறியும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ஆகவே ‘வேலையை நிறுத்து’, ‘வெளியீட்டை மட்டும் விடு’, ‘நீ அங்கே இருக்கிறாயா’ என்று தனித்தனிச் சமிக்ஞைகளை வகுத்து, அவை வரிசையைத் தாண்டிக் கவனம் பெற டிசிபியின் அவசரக் குறிப்பையும் சேர்த்தார்கள். வெளியீட்டை நிறுத்துவதும் வேலையை நிறுத்துவதும் வேறு வேறு என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து எழுதிவிட்டார்கள். நடைமுறையில் அவற்றைத் தேடிப் பயன்படுத்துபவர் அரிது. நாம் அனுப்புவது வெறும் ஓர் எழுத்து. அது வரிசையில் நின்றுதான் போக வேண்டும்.

இதன் முழுக் கசப்பும் தெரிவது டீபக் கட்டளையில். டீபக் ஓடுகிற வேலை அல்ல, ஒரு நிலை. அதை இயக்கியவுடன் கட்டளை முடிந்து, அடுத்த கட்டளைக்கு இடம் திறந்துவிடும். பின்னணியில் ரவுட்டர் தான் பார்க்கும் ஒவ்வொன்றையும் சொல்லத் தொடங்கும். கன்ட்ரோல்-ஷிப்ட்-6 அழுத்தினால் எதுவும் நடக்காது, ஏனென்றால் நிறுத்துவதற்கு முன்னணியில் ஓடும் கட்டளை ஒன்று இல்லை. நிறுத்த வேண்டுமானால் ‘அன்டீபக் ஆல்’ என்று புதிதாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளையைக் கேட்க ரவுட்டருக்கு நேரம் இருக்க வேண்டும். கன்சோல் கேபிளின் வேகம் வழக்கமாக 9600. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு 960 எழுத்துகள், திரையகல வரிகளில் பன்னிரண்டு. போக்குவரத்து மிகுந்த ரவுட்டரில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொட்டலங்களைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, அதை இந்தச் சிறு வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? டீபக் வெளியீட்டுக்குச் செயலியில் உயர் முன்னுரிமை உண்டு, அதனால் ரவுட்டரே பயனற்றுப் போகலாம் என்று சிஸ்கோவின் கையேடே எச்சரிக்கிறது. நாம் தட்டும் எழுத்துகள் கொட்டும் வரிகளுக்கிடையே சிதறித் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அனுபவசாலிகள் திரையைப் பார்க்காமல் ‘யு ஆல்’ என்று குருட்டாம்போக்கில் தட்டி என்டரை அழுத்துவார்கள். அதைவிட அனுபவசாலிகள் டீபக்கைத் தொடுவதற்கு முன்பே ‘அன்டீபக் ஆல்’ கட்டளையை ஒருமுறை கொடுத்து வைப்பார்கள்; பிறகு மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தினால் அது தயாராக வந்து நிற்கும். கன்சோலுக்குப் பதிவுகள் போவதை அணைத்து, நினைவகத்தில் சேர்த்து, எந்த முகவரியைப் பற்றிப் பேச வேண்டும் என்று வடிகட்டியும் கொடுத்துவிட்டால் இந்தச் சாகசங்களுக்கே தேவையில்லை.

அமைப்பு முறையில், அதாவது ‘கான்ஃபிக் டி’ கொடுத்து உள்ளே போன பிறகு, இன்னொரு பொறி காத்திருக்கிறது. பழைய சிஸ்கோ மென்பொருளில் ஒவ்வொரு வரியும் என்டர் அழுத்திய கணமே அமலாகும். ஒரு வரியைத் தட்டிவிட்டு, ‘ஐயோ, இது வேண்டாம்’ என்று தோன்றினால் பலரும் கன்ட்ரோல்-இசட் அழுத்துகிறார்கள், அது வெளியேறும் விசை என்று படித்ததால். வெளியேற்றும், உண்மைதான். ஆனால் வரியில் செல்லுபடியாகும் கட்டளை இருந்தால், அதை அமலாக்கிவிட்டு வெளியேற்றும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் அந்த வரி கைவிடப்படும். அதாவது பிங்கில் பயன்படாத விசை இங்கே காப்பாற்றுகிறது. தப்பிக்க அழுத்திய விசை இங்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறது. ‘ஷட்டவுன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் இன்டர்ஃபேஸ் அணைந்துவிடும். இது தெரியாமல் பத்தாண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோப்பு நகலெடுப்பதை இடையில் நிறுத்துவது மூன்றாவது வகை நிறுத்தத்தின் நல்ல உதாரணம். நிறுத்தலாம்; நின்றுவிடும். ஆனால் நின்ற இடத்தில் அரைகுறைக் கோப்பு இருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரே ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் என்றிருந்த பழைய சிறு ரவுட்டர்களில், புதியதை ஏற்றுவதற்கு முன் பழையதை அழிக்க வேண்டியிருந்தது. அழித்த பிறகு நகலை நிறுத்திவிட்டு, மின்சாரமும் போய்விட்டால், பெட்டி எழும்போது ரோம்மோன் என்ற அடிப்படை நிலையில்தான் நிற்கும். கன்சோல் கேபிள் வழியாக 16 மெகாபைட் மென்பொருளை நொடிக்கு 960 எழுத்து என்று ஏற்றினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நிறுத்துவதைவிட ஓடவிடுவது நல்லது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

ரோம்மோன் என்றதும் பிரேக் விசையைச் சொல்லாமல் விட முடியாது. பிரேக் ஓர் எழுத்தே அல்ல. கம்பியை ஓர் எழுத்தின் நேரத்தைவிட நீளமாகத் தாழ்நிலையில் பிடித்து வைப்பது. ரவுட்டர் எழுந்து வரும் முதல் 60 நொடிக்குள் அதை அனுப்பினால் இயக்கம் நின்று ரோம்மோன் வரும். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க, அங்கே கான்ஃபிக் ரெஜிஸ்டரை 0x2142 என்று மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வழி. வழக்கமான 0x2102 மதிப்பில் எட்டாவது பிட் ஒன்றாக இருப்பதால், முழுமையாக எழுந்த ரவுட்டர் பிரேக்கைக் கண்டுகொள்ளாது. அந்தப் பிட்டை யாராவது அணைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரே ஒரு பிரேக்கில் விழுந்துவிடும். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் பிரேக் விசையே கிடையாது. புட்டியின் மெனுவிலோ டெரா டெர்மில் ஆல்ட்-பியிலோ தேட வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியே அதை அனுப்ப 2006-இல் ஆர்எஃப்சி 4335 என்று தனி ஆவணமே எழுத வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது ஒரு பெட்டிக்குள் நடப்பது. கட்டளையின் விளைவு பெட்டியைத் தாண்டினால் விசைகளுக்கு அங்கே வேலையில்லை. நம் நாட்டிலேயே நடந்தது ஒன்று. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை மாலை 4.43 அளவில், டெலிகோம் மலேசியாவின் வலையமைப்பு ஏறத்தாழ 179,000 முகவரித் தொகுதிகளுக்கான வழிகளைத் தன் மேல்நிலை இணைப்பான லெவல் 3 நிறுவனத்துக்கு அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை அதன் வாடிக்கையாளர்களுடையவை அல்ல. லெவல் 3 அதை நம்பி உலகத்துக்குச் சொன்னது. எங்கெங்கோ போக வேண்டிய போக்குவரத்து மலேசியாவுக்குள் நுழைந்து திணறியது. உலகின் பல பகுதிகளில் இணையம் தடுமாறியது. சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. வலையமைப்புகள் தம் வழிகளை அறிவிக்கும் பிஜிபி நெறிமுறையில் ஓர் அறிவிப்பைத் திரும்பப் பெறுவது தனி அறிவிப்பு. முதலாவது போன இடமெல்லாம் இரண்டாவதும் போய்ச் சேர வேண்டும். இடையில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதைக் கேட்க நேரம் வைத்திருக்க வேண்டும்.

இதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1997 ஏப்ரல் 25 அன்று, அமெரிக்காவில் ஏஎஸ் 7007 என்ற எண்ணுள்ள வலையமைப்பு இதைவிட மோசமாகச் சிக்கியது. உலக வழிகளைத் துண்டு துண்டாக்கித் தன்னுடையதாகவே அறிவித்த ரவுட்டரின் இணைப்பைப் பிடுங்கியே விட்டார்கள். அப்போதும் பொய்யான வழிகள் உடனே மறையவில்லை. மற்ற வலையமைப்புகளின் ரவுட்டர்களில் சுற்றிக்கொண்டே இருந்தன. கட்டளை கொடுத்த பெட்டியே இணைப்பில் இல்லை, விளைவு மட்டும் ஊர் சுற்றியது.

2021 அக்டோபர் 4 நிகழ்வு வேறு வகை. நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் போயின. முதுகெலும்பு இணைப்பின் கொள்ளளவை அளக்கக் கொடுத்த ஒரு பராமரிப்புக் கட்டளை, இணைப்புகள் முழுவதையும் வீழ்த்திவிட்டது என்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்கட்டமைப்புத் தலைவர் சந்தோஷ் ஜனார்தன் பிறகு எழுதினார். அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதில் இருந்த பிழையால் தடுக்கவில்லை. டிஎன்எஸ் சர்வர்கள் தம் வழி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. நிறுத்து என்று சொல்லப் போகும் பாதையையே அந்தக் கட்டளை அறுத்துவிட்டது. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. சுமார் ஆறு மணி நேரம்.

சிறிய அளவில் இது பினாங்கிலும் புரியக்கூடிய நிலைமைதான். ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்துகொண்டு பிறையில் இருக்கும் ரவுட்டரின் அனுமதிப் பட்டியலை (ஏசிஎல்) மாற்றுகிறவர், தன் முகவரியையே தடுக்கும் வரியைக் கொடுத்துவிட்டால், அழுத்துவதற்கு விசை எதுவும் மிச்சமில்லை. 1985-இல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து, கன்சோல் கேபிளோடு நேரில் போய் நிற்க வேண்டும். அவசரத்துக்குப் பாலத்தில் நெரிசலும் இருக்கும்.

ஆகவே நான்காவது வகை நிறுத்தத்தைக் கட்டளைக்கு முன்பே வைத்துவிட வேண்டியிருக்கிறது. சிஸ்கோவில் அதன் பழைய வடிவம் ‘ரீலோட் இன் 10’: பத்து நிமிடத்தில் நீயே மறுபடி எழு என்று சொல்லிவிட்டு, சேமிக்காமல் மாற்றத்தைச் செய்வது. எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’. இணைப்பு அறுபட்டால் ரவுட்டர் தானே எழுந்து பழைய அமைப்புக்குத் திரும்பும். ஜூனிப்பரில் மாற்றங்கள் முதலில் வரைவாக நிற்கும். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தால் அமலாகி, பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பழையதற்குப் போய்விடும். மைக்ரோடிக்கில் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் பாதுகாப்பு நிலை; இணைப்பு முறையின்றி அறுந்தால் அந்த நிலையில் செய்தவை திரும்பப் பெறப்படும், இணைப்பு செத்துப்போனதை ரவுட்டர் உணர வழக்கமாக 9 நிமிடம் ஆகலாம். அதன் நினைவு கடைசி நூறு செயல்கள் வரைதான். அதைத் தாண்டினால் பாதுகாப்பு நிலை தானே கலைந்துவிடும், எதுவும் திரும்பாது. நீளமான அமைப்பை ஒட்டுமொத்தமாக ஒட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரே நிரலால் கட்டளை அனுப்பும் காலம் இது. நிரலை ஓடவிட்ட லேப்டாப்பில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்பது அந்த நிரல் மட்டுமே. முதல் எண்பது ஸ்விட்சுகளுக்கு மாற்றம் போயிருக்கும், மீதிக்குப் போயிருக்காது. பாதி மாறிய வலையமைப்பு பல சமயம் முழுதும் தவறாக மாறியதைவிடத் தொல்லை, ஏனென்றால் அதன் கோளாறு இடத்துக்கு இடம் வேறுபடும். 2011-இல் வந்த நெட்கான்ஃப் நெறிமுறையின் ஆர்எஃப்சி 6241 இங்கேயும் அதே பழைய வழியைத்தான் பிடித்தது: உறுதிசெய்யும் வரை தற்காலிகமாக அமல், வழக்கமான கெடு 600 நொடி, வேண்டாமென்றால் ரத்து செய்யத் தனிக் கட்டளை.

இவற்றில் எதை எங்கே என்பதில்தான் எனக்கு வழக்கமான அறிவுரையோடு மாறுபாடு. ‘ரீலோட் இன் 10’ எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று பரிந்துரைக்கிறார்கள். அலுவலகக் கிளைக்குச் சரி. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் உற்பத்தி வரிசைக்கு நடுவே இருக்கும் ரவுட்டரில் அந்தக் கெடு காலாவதியானால், ஒரு தவறான வரியைத் திருத்துவதற்காகப் பெட்டி முழுதும் அணைந்து எழும்; அது எழுந்து வழிகளைக் கற்றுக்கொள்ளும் வரை பல நிமிடம் ஆலையே இருட்டில் இருக்கும். சிஸ்கோவின் புதிய மென்பொருளிலேயே ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5’ என்று கொடுக்க முடியும். ஆர்க்கைவ் அம்சத்தை முன்பே அமைத்திருந்தால், ஐந்து நிமிடத்தில் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ வராதபோது மாற்றிய வரிகள் மட்டும் பின்வாங்கும், பெட்டி நிற்காது. அந்த ஆர்க்கைவ் வரிகள் இரண்டு மூன்றுதான். பிறை ஆலைகளில் ஒரு ரவுட்டரைப் பொருத்தும் நாளிலேயே அவற்றை எழுதி வைத்துவிட வேண்டும். மாற்றம் செய்யப் போகும் இரவில் உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது.